சாட்டை இல்லாத பந்தயம்

கடைசி மைலில் கம்பை ஓங்குகிற சாரதி தன் மாட்டைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. தன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொள்கிறான். “என் வண்டியை நான் சரியாகப் பூட்டவில்லை, அச்சு ஒரு பக்கம் இழுக்கிறது, நுகம் கழுத்தை அழுத்துகிறது, இதையெல்லாம் நேற்றே பார்த்திருக்க வேண்டியவன், பார்க்கவில்லை, ஆகவே இப்போது அடிக்கிறேன்” என்று ஊரறியத் தண்டோராப் போடுகிறான். வேடிக்கை என்னவென்றால், சாலைக்கு இருபுறமும் நிற்கிற நாம் அந்தத் தண்டோராவைக் கேட்டுக் கைதட்டுகிறோம். அதற்கு ‘வீரம்’ என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறோம்.

தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இங்கே பந்தயம் தார் ரோட்டில் நடக்கிறது. இரண்டு மாடு பூட்டிய வண்டி, ஒரு சாரதி, துணைக்கு ஓர் ஆள். குறித்த எல்லை வரை போய்த் திரும்பி வர வேண்டும். நாடெல்லாம் கிலோமீட்டருக்கு மாறிய பிறகும் இந்தத் தூரத்தை மட்டும் மைல் கணக்கில்தான் பேசுவார்கள். மாடுகளை அவற்றின் பருவத்தையும் வளர்த்தியையும் பார்த்துப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டாஞ்சிட்டு. இந்தப் பெயர்களை வைத்தவன் எவனோ, அவன் கவி, சந்தேகமில்லை. இளங்கன்றின் ஓட்டத்தில் தேன்சிட்டின் பறத்தலைக் கண்டவன் அவன். அவன் பேரன் கையில்தான் இன்று தார்க்குச்சி இருக்கிறது.

கோவை, திருப்பூர்ப் பக்கத்து ரேக்ளா வேறு மாதிரி. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வைத்து, வினாடிக் கணக்கில் வெற்றி தோல்வி பார்ப்பார்கள். நம்முடையது மைல் கணக்கு. அடிபட்ட மாடு ஒரு நூறு கஜம் பாய்ந்து ஓடலாம். எட்டு மைல் தூரத்தை அடியால் ஓடிவிட முடியாது. ஆகவே மற்ற எவரையும் விட நமக்குத்தான் கம்பால் லாபம் குறைவு. இது தர்ம நியாயம் அல்ல, வெறும் கணக்கு.

இந்தப் பந்தயத்துக்கு ஒரு வழக்குச் சரித்திரமும் உண்டு. 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஜல்லிக்கட்டோடு சேர்த்து மாட்டு வண்டிப் பந்தயமும் கூடாதென்று தீர்ப்புச் சொன்னது. 2017 ஜனவரியில் மெரினா மணலில் நம் பிள்ளைகள் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். சட்டசபை சட்டத்தைத் திருத்தியது. 2023-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன பெஞ்சு, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் திருத்தங்களும் செல்லும் என்று முடித்தது. வெடி வெடித்தோம், இனிப்பு வழங்கினோம். எல்லாம் சரி. மாட்டின் மேல் நமக்குள்ள பாசத்தைச் சொல்லித்தானே வழக்கை ஜெயித்தோம்? அந்தப் பாசத்தை வண்டியின் எந்த ஆணியில் காட்டினோம் என்று கேட்கிறேன்.

கேட்டால் வருகிற பதில் ஒன்றே ஒன்று: “அடிக்காமல் மாடு ஓடுமா?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் ஓர் இடத்துக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். சிரிக்கக் கூடாது. அது ரிமோட் கார்ப் பந்தயம் நடக்கும் இடம்.

கடைத்தெருவில் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிற பொம்மையை நினைத்துக்கொள்ளாதீர்கள். ‘டூரிங் கார்’ என்று ஒரு வகை. சாலையில் ஓடுகிற நிஜக் காரின் சாயலில், பத்தில் ஒரு பங்கு அளவில் செய்தது. அகலம் 19 சென்டிமீட்டர். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. ஜப்பானில் தமியா கம்பெனி 1976-இல் போர்ஷே 934 என்ற காரின் சின்ன உருவத்தை ரேடியோவால் ஓட்டும்படி செய்து விற்றது. அந்த வம்சத்தில் பின்னால் வந்தது இந்த டூரிங் கார். 1998 முதல் இதற்கு உலகச் சாம்பியன் பந்தயம் உண்டு. 2002-இல் அந்தப் பட்டத்தைத் தாய்லாந்துக்காரரான சுரிகார்ன் சைதாஜ்சூரியா ஜெயித்தார். வெள்ளைக்காரர் வீட்டு விளையாட்டு என்று ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பந்தயம் ஐந்து நிமிஷம். ஓட்டுகிறவன் மேடையில் நிற்கிறான். கையில் ஒரு பெட்டி. அதில் ஒரு சின்னச் சக்கரம், ஒரு விசை. திருப்பலாம், முடுக்கலாம், நிறுத்தலாம். வேறொன்றும் செய்ய முடியாது. கத்தினால் கார் கேட்காது. கம்பை ஓங்கினால் அதற்குத் தெரியாது. இன்னும் கேளுங்கள்: பல பிரிவுகளில் எல்லோருக்கும் ஒரே ரக மோட்டார்தான். 17.5 சுற்று என்றால் அத்தனை பேருக்கும் 17.5 சுற்று. கூடுதல் பலம் யாருக்கும் கிடையாது. அப்படியிருந்தும் ஒருவன் முதலாவதாக வருகிறான், ஒருவன் கடைசியில் வருகிறான். ஓட்டும் கைக்கு இதில் பங்கு உண்டு. மிச்சம் முழுவதும் பந்தயத்துக்கு முன்னால் மேஜை மேல் நடந்த வேலை.

அந்த மேஜையைத்தான் பார்க்கச் சொல்கிறேன். கோணல் இல்லாத ஒரு சமப் பலகை. அதன் மேல் காரை வைத்து, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் நான்கு சின்னத் தராசு வைக்கிறார்கள். இடமும் வலமும் எடை ஒத்து வரும்வரை பாட்டரியை நகர்த்துகிறார்கள். ஈயத்துண்டோ பித்தளைத்துண்டோ ஒட்டுகிறார்கள். அடித்தட்டு தரையிலிருந்து 5 மில்லிமீட்டர் அளவில் நிற்கிறதா என்று அளக்கிறார்கள். சக்கரத்தின் தலை உள்பக்கமாக ஒன்றரை டிகிரி, இரண்டு டிகிரி சாய்ந்திருக்கும்படி வைக்கிறார்கள். வளைவில் கார் சாயும்போது டயர் முழுதாகத் தரையைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. பின் சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் பார்த்து லேசாக உள்ளே குவிந்திருந்தால் கார் நேராக ஓடும். அதிகம் குவிந்தால் சக்கரமே சக்கரத்துக்குத் தடை. அதிர்ச்சி தாங்கும் குழாயில் எந்தக் கெட்டியில் எண்ணெய் ஊற்றுவது என்பது அன்றைய வெயிலைப் பார்த்து முடிவாகிறது. பல்சக்கரம் ஒரு பல் கூடினாலும் மோட்டார் திணறும். ஆகவே ஓடி முடித்ததும் முதல் வேலையாக மோட்டாரின் சூட்டை அளக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு திருத்தம். அதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது. பலன் தெரிந்த பிறகு அடுத்தது.

இதில் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு மிகவும் வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. காரின் அடித்தட்டு கண்ணுக்குத் தெரியாத அளவில் முறுக்கிக்கொண்டிருந்தால், அந்தக் கார் ஒரு பக்கம் அழகாகத் திரும்பும், மறுபக்கம் வழுக்கும். தெரியாதவன் டயரைத் திட்டுவான். தெரிந்தவன் திருகுகளை எல்லாம் தளர்த்தி, தட்டைச் சமமாக உட்காரவைத்து, மறுபடி முடுக்குவான். டயர் மேல் குற்றமே இல்லை.

இப்போது நம் வண்டிக்கு வருகிறேன். ஏர்க்காலுக்குச் சரியான குறுக்கில் அச்சு உட்காரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விரற்கடை பிசகு. வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். அதை நேராக நிறுத்துகிற பாடு முழுவதும் ஒரு மாட்டின் தலையில் விடியும். இரண்டாவது மைலில் அந்த மாடுதான் முதலில் களைக்கும். களைத்த மாட்டைச் சாரதி ‘சண்டி’ என்பான். சண்டி மாட்டுக்குத்தான் அடி. யோசித்துப் பாருங்கள், ஐயா: கூட்டாளியை விட அதிகம் சுமந்த குற்றத்துக்காக ஒரு ஜீவன் அடி வாங்குகிறது. மாடு சண்டியா, வண்டி சண்டியா என்று யார் பார்த்தார்கள்?

பார்ப்பதற்கு என்ன செலவு? ஒரு கயிறு. ஏர்க்காலின் நுனியில் நுகம் கட்டும் இடத்திலிருந்து அச்சின் இடது முனைக்கு ஒரு அளவு. வலது முனைக்கு ஒரு அளவு. இரண்டும் ஒத்திருந்தால் அச்சு நேர். ஒத்துவராவிட்டால், மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு ஆசாரியைக் கூப்பிட வேண்டும். இவ்வளவுதான் சங்கதி.

அடுத்தது பாரம். இரண்டு சக்கர வண்டி ஒரு தராசுக்கோல் மாதிரி. அச்சுதான் அதன் நடு. முன்பாரம் மிஞ்சினால் நுகம் பிடரியில் உட்கார்ந்து தோலை அரைக்கும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மூச்சு முட்டின மாடு எப்படி ஓடும்? சாரதி உட்காருகிற இடம் ஒரு சாண் முன்னே பின்னே போனாலும் இந்தக் கணக்கு மாறும். இதற்கும் கருவி நம் ஊரிலேயே இருக்கிறது. திராட்சைப் பெட்டி நிறுக்கிற தராசை ஒரு முக்காலி மேல் நுகத்து உயரத்துக்கு வைத்து, சாரதியை வண்டியில் உட்காரவைத்து, ஏர்க்கால் நுனியை அதன்மேல் இறக்கினால், மாட்டின் கழுத்துக்கு எத்தனை கிலோ போகிறது என்று எண் காட்டிவிடும். பழத்தை நிறுக்கிறோம், கழுத்தை நிறுக்க மாட்டோமா?

நுகத்துக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. ஜோடி மாடுகளில் ஒன்று பலத்தது, ஒன்று இளைத்தது என்றால், நுகத்தின் நடுக்கட்டைப் பலத்த மாட்டின் பக்கம் கொஞ்சம் தள்ளிக் கட்டினால் போதும். கை குட்டையான பக்கத்துக்குப் பாரம் அதிகம், கை நீண்ட பக்கத்துக்குப் பாரம் குறைவு. பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தில் நெம்புகோல் என்று படம் போட்டிருப்பது இதுதான். வணிகரின் நடுவுநிலைமைக்கு நுகத்தின் நடு ஆணியை உவமை சொன்னது பட்டினப்பாலை. அந்த ஆணியின் அருமை அந்தக் காலத்திலேயே தமிழனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு ஆணி என்றால் இப்போது தார்க்குச்சியின் நுனியில் இருப்பது மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

லாடம் இன்னொன்று. மாட்டுக்குக் குளம்பு பிளந்தது. காலுக்கு இரண்டு வீதம் எட்டு லாடம். கார்ப் பந்தயக்காரனுக்கு டயர் எப்படியோ, தார் ரோட்டில் ஓடுகிற மாட்டுக்கு லாடம் அப்படி. ஒன்று தேய்ந்து ஒன்று புதிதாக இருந்தால் நடை கோணும். சக்கரத்தை நிலத்திலிருந்து தூக்கிக் கையால் சுற்றிவிட்டுப் பாருங்கள். இடது சக்கரம் சுற்றுகிற நேரமும் வலது சக்கரம் சுற்றுகிற நேரமும் ஒத்திருக்க வேண்டும். பழைய மர அச்சுக்கு மசகு. இன்றைய வண்டிக்குப் பேரிங். எதுவானாலும், நின்றுபோகிற சக்கரத்தை ஓடவைப்பதற்கு மாட்டின் முதுகில் மருந்து கிடையாது.

இங்கே ஒரு பெரியவர் குறுக்கிடுவார். “தம்பி, கார் ஜடம், மாடு உயிர். ஜடத்துக்குச் சொன்ன கணக்கு உயிருக்கு ஒத்துவருமா?” என்பார்.

நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி என் கட்சியில்தான் சேரும். ஜடத்துக்குத் தவறு செய்தால் திருகைத் திரும்பக் கழற்றிக்கொள்ளலாம். பிடரியில் விழுந்த புண்ணை எந்தத் திருப்புளியால் கழற்றுவீர்கள்? வலிக்காத, பசிக்காத, பயப்படாத ஒரு தகரத்துக்காக ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து மில்லிமீட்டர் பார்க்கிறான் என்றால், வலிக்கிற ஜீவனுக்காக நாம் ஒரு முழக் கயிறு பிடித்துப் பார்க்கக் கூடாதா? மாட்டுக்கு மனசு உண்டு. சோடி பிடித்தால் ஓடும், பிடிக்காவிட்டால் முரண்டும். இடம் பழகிய மாட்டை வலத்தில் கட்டினால் தடுமாறும். இதெல்லாம் காரில் இல்லாத கூடுதல் வேலை. வேலை கூடுகிறது என்பதற்காக வேலையையே விட்டுவிட்டுக் கம்பை எடுத்துக்கொள்வதா?

சூட்டையும் சொல்லிவிடுகிறேன். மாடு நம்மைப் போல வியர்வை கொட்டி உடம்பைக் குளிரவைத்துக்கொள்கிற பிராணி அல்ல. மூச்சை இரைத்தும் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் சாதாரண உடம்புச் சூடே 101.5 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். வாயில் நுரை தள்ளி நாக்குத் தொங்க வருகிற மாட்டை அந்த நேரத்தில் அடிப்பவன், புகைகிற மோட்டாருக்கு இன்னும் கொஞ்சம் மின்சாரம் கொடுக்கிறவனுக்குச் சமானம். கார்ப் பந்தயக்காரர்களில் அப்படிச் செய்கிறவனை முட்டாள் என்கிறார்கள். நம்மில் செய்கிறவனுக்குத் துண்டு போர்த்துகிறோம்.

கார்க்காரர்கள் எல்லோரும் ஞானிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிலும் கம்புக்காரன் உண்டு. மோட்டாருக்குக் கட்டுப்பாடு இல்லாத பிரிவில் சேர்ந்துகொண்டு, வளைவில் வழுக்குகிற காருக்கு இன்னும் பெரிய மோட்டார் வாங்கிப் போடுகிறவன் இருக்கிறான். எங்கோ ஒரு ஊரில் ஜெயித்தவனின் அளவுத்தாளை அப்படியே நகல் எடுத்துத் தன் ஊர் வெயிலிலும் புழுதியிலும் ஓட்டித் தோற்கிறவன் இருக்கிறான். பணத்தால் அடிப்பதும் ஒரு அடிதான். வித்தியாசம் என்னவென்றால், அந்த அடி அவன் சட்டைப் பையில் விழுகிறது. நம் அடி வாயில்லாத ஜீவன் மேல் விழுகிறது.

இனி எதிர்க்கட்சிக்கு ஒரு வார்த்தை. பந்தயமே கூடாது, ஒழித்துக் கட்டு என்கிற பட்டணத்துப் பெரியவர்களைச் சொல்கிறேன். உங்கள் கருணையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால், உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. பாரத்துக்கு மினி லாரி வந்துவிட்டது. பந்தயமும் போய்விட்டால் வண்டிக் காளையை எவன் வளர்ப்பான்? குமுளி மலைப் பாதையில் லாரி ஏறி அது எங்கே போகும் என்பது உங்களுக்கும் தெரியும். ஓட்டம் மாட்டுக்குப் பகை அல்ல. நன்றாகப் பூட்டிய வண்டியில், பழகிய ஜோடியோடு, காலை வெயிலுக்கு முன் ஓடுகிற மாட்டைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். நீங்கள் கம்பைத்தான் பார்த்தீர்கள், வண்டியைப் பார்க்கவில்லை.

ஆனால் அவர்கள் கம்பைப் பார்த்தது பொய்யா? அதுதான் விஷயம். ஒவ்வொரு பந்தயத்தையும் நூறு செல்போன்கள் படம் பிடிக்கின்றன. வாலை முறுக்குவதும், தார்க்குச்சி குத்துவதும், பின்னாலேயே மோட்டார் சைக்கிள் கூட்டம் ஹாரன் அடித்துக்கொண்டு விரட்டுவதும் அந்தப் படங்களில் இருக்கின்றன. எடுத்தது யார்? நம் ஊர்ப் பிள்ளைகள்தான். பெருமையாக எடுத்து, பெருமையாக ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்கு இன்னொரு வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. ஆணி வைத்த கம்பு கூடாதென்று 1965-ஆம் வருஷத்து மத்திய அரசு விதியே சொல்லுகிறது. 2014 தீர்ப்புக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு மூத்த விதி அது. அதை மீறிக்கொண்டே ‘பாரம்பரியம்’ என்று பேசினால், எந்த நீதிபதி எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பார்? நம் பந்தயத்துக்கு மறுபடி ஆபத்து வருமானால் அது பட்டணத்திலிருந்து வராது. நம் சாரதியின் வலது கையிலிருந்துதான் வரும்.

கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் மாட்டுத் தொழு இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய் மாட்டைத் தெய்வமென்று கும்பிடுகிறார்கள். வாயும் வயிறும் நிறையத் தீனி கொடுத்துக் கும்பிட்ட அதே கை, அதே தை மாதத்தில், அடுத்த ஊர்ப் பந்தயத்தில் என்ன செய்கிறது? தெய்வத்தை ஒரு நாள் கும்பிட்டு மறுநாள் குத்துவது எந்த ஊர்ப் பக்தி?

விழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கு என் கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. கொடி அசைப்பதற்கு முன் ஒவ்வொரு வண்டிக்கும் கயிறு பிடித்து அச்சைப் பாருங்கள். தராசு வைத்துக் கழுத்துப் பாரத்தைப் பாருங்கள். எட்டு லாடத்தையும் தட்டிப் பாருங்கள். வண்டிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் எதுவும் போகக் கூடாது. ஓடி முடித்த மாட்டைக் கால்நடை டாக்டர் தொட்டுப் பார்த்து, சூடு மிஞ்சாமல், கழுத்தில் புண் இல்லாமல், முதுகில் தடிப்பு இல்லாமல் இருந்தால்தான் பரிசு செல்லும் என்று விளம்பர நோட்டீசிலேயே அச்சடியுங்கள். ஜெயித்த சாரதிக்கு ரொக்கம் கொடுக்கிற மேடையில், அந்த வண்டியை முடுக்கிய ஆசாரிக்கும் லாடம் அடித்தவருக்கும் ஒரு குத்துவிளக்காவது கொடுங்கள். லட்சக்கணக்கில் விலை பேசிய மாட்டை ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு செலவா?

எல்லாவற்றுக்கும் முதலாக, புறப்படும் கோட்டில் ஒரு கோணியை விரித்து, அத்தனை சாரதிகளின் கம்பையும் வாங்கிப் போட்டுக் கட்டிவிடுங்கள். “கம்பு இல்லாமல் என் மாடு ஓடாது” என்று எவனாவது சொன்னால் அவனோடு வாதம் செய்ய வேண்டாம். அவன் உண்மையைத்தான் சொல்கிறான். அவன் மாட்டை அங்கேயே அவிழ்த்து நிழலில் கட்டச் சொல்லுங்கள். வண்டியை ஆசாரி பட்டறைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வருஷம் வரச் சொல்லுங்கள்.